கதவுக்கு வெளியே ஒரு கை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் அக்காவின் ஃபின்லாந்துக் கணவர் வெய்க்கோவின் மேற்கையில் இருக்கும் ஒரு பிளாஸ்திரியிலிருந்து பிறந்தது. புற்றுநோய் மருந்து ஏற்றக் கையில் செருகிய மெல்லிய குழாய், இதயத்துக்குப் பக்கம் வரை போகிறது. அது தோலுக்குள் நுழையும் இடத்தில், கிருமியைக் கொல்லும் மருந்துப்பசை வைத்த, கண்ணாடி போன்ற ஒட்டு. எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. கதை எழுதுகிறவனுக்கோ ஏதாவது நடந்தே ஆகவேண்டும். அதற்கும் எனக்கும் எப்படி ஒத்துப்போகும்?

2

முதல் தொடக்கம்: "மருத்துவமனை ஜன்னலுக்கு வெளியே பிர்ச் மரங்கள் சோகமாக..." (அடித்துவிட்டேன். மரத்துக்கு என்ன சோகம்?)

இரண்டாவது: நடுக்கோடைத் திருநாள், ஏரிக்கரை, சுடுகல்லில் தண்ணீர் ஊற்றி ஆவியில் வேர்க்கும் சவுனா அறை. "நனையக் கூடாது, வேர்க்கவும் கூடாது" என்று செவிலி ஹில்க்கா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். திருநாளன்று சவுனாவுக்குள் போகாதவன் ஃபின்லாந்துக்காரனா? அந்தக் கையை மட்டும் கதவிடுக்கில் வெளியே நீட்டிக்கொண்டு அத்தான் உள்ளே உட்கார்ந்துவிட்டார்.

"அத்தான், சூடெல்லாம் வெளிய போகுது! கதவைச் சாத்துங்க!"

"சாத்துனா கை துண்டாயிடும்டா மச்சான். பேசாம கல்லுல தண்ணிய ஊத்து."

(இப்படி ஒரு ஆளை வாசகர் நம்புவாரா என்று சந்தேகம் வந்தது. தண்ணீர் ஊற்றியவன் நான்தான் என்பதால் விட்டுவைக்கிறேன்.)

3

கை வெளியே இருந்தாலும் உடம்பு முழுக்க வியர்த்தது. ஒட்டின் ஓரம் கிளம்பிவிட்டது. இன்று காலை மருத்துவமனையில் ஹில்க்கா கண்டுபிடித்தாள்.

"கைய வெளிய நீட்டுனா வேர்க்காதுன்னு எந்தப் பள்ளிக்கூடத்துல சொல்லிக்குடுத்தாங்க?"

"கை நல்ல பிள்ளைம்மா. மத்ததெல்லாம்தான் தப்புப் பண்ணுச்சு."

சிரித்துக்கொண்டே முகக்கவசம் போட்டு, பழையதை உரித்தாள். தோல் சிவக்கவில்லை, மருந்துப்பசை இருந்த இடத்திலேயே இருந்தது. துடைத்து, காயவிட்டு, புதிதை ஒட்டினாள். அப்போது குளிர் எடுத்ததுபோல் அவர் தோள் லேசாக நடுங்கியது. ஹில்க்காவின் சிரிப்பு நின்றது. கிருமி உள்ளே போயிருந்தால் குழாயை எடுக்க வேண்டும். நாளைக்கு ஏறவேண்டிய கடைசிச் சுற்று மருந்து தள்ளிப்போகும்.

4

காய்ச்சல் வருவதாக ஒரு முடிவு எழுதினேன். கதைக்கு நல்லது, விறுவிறுப்பாக இருக்கும். அவரைத் தள்ளுவண்டியில்... முடியவில்லை. எனக்கு இந்த மனிதர் வேண்டும்.

காய்ச்சல் இல்லை என்று எழுதப்போனேன். அத்தான் என் தாளை எட்டிப் பார்த்தார்.

"தெரியாத வரைக்கும் எழுதாதடா. என்னைய வெச்சுப் பொய் சொல்லாத."

ஹில்க்கா வெப்பமானியை அவர் காதில் வைத்துவிட்டாள். அது இன்னும் 'பீப்' என்று கத்தவில்லை. அத்தான் என் எழுதும் கையைப் பிடித்துக்கொண்டார். இறுக்கமான, பலமான பிடி. கையை விடுவித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. வெப்பமானி காட்டும் எண்ணை நீங்களே படித்துச் சொல்லுங்கள். அதற்கு முன் ஒரு தடவை அவர் முகத்தைப் பாருங்கள்.