முழு நிலவுக்கு வெட்டிய மரம்

எல்மெர் கட்டிய வீட்டுக்குப் பின்கதவு கிடையாது. முன்பக்கம் மட்டும் தெருவைப் பார்த்து மார்தட்டிக்கொண்டு நின்றது: சிமெண்ட் கல் சுவர், கான்கிரீட் கூரை, நீலக் கண்ணாடி ஜன்னல். கான்கூன் என்கிற கடற்கரை நகரத்து ஓட்டல்களுக்குக் கல் அடுக்கிச் சம்பாதித்த காசில் அப்பா அம்மாவுக்கு மகன் கட்டிய வீடு. அதற்கு இடம் வேண்டுமென்று பழைய ஓலை வீட்டைப் பிரித்தான். வேர் அஸ்திவாரத்தைப் பிளக்கும் என்று முற்றத்து மரத்தையும் சாய்த்தான். ஊரே வந்து பார்த்து வாயைப் பிளந்தது. அம்மா லிப்ராதாவும் அன்றைக்குப் பூரித்துத்தான் போனாள், இப்போது அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

யுகத்தான் காட்டுப் பக்கம் பெரியவர்களும் தூளியில்தான் தூங்குவார்கள். பழைய வீட்டில் இரண்டு கதவும் நேருக்கு நேர் இருந்தன. முன்வாசலில் நுழைந்த காற்று தூளியை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விடும். புது வீட்டில் காற்று வந்தால் போக வழியில்லாமல் அங்கேயே உட்கார்ந்து வெந்தது. மின்விசிறி போட்டால் அந்த வெக்கையைத்தான் கலக்கிக் கொடுத்தது.

மே மாதம் பிறந்ததும் லிப்ராதாவின் புருஷன் கஸ்பாருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. தம்பி சிக்ஸ்டோ தினமும் வந்து கூப்பிட்டுப் பார்த்தான்.

"அண்ணே, உன்னை வாழையிலையில சுத்தி இதுக்குள்ள வெச்சா, சாயங்காலம் பன்னிக்கறி மாதிரி பதமா வெந்துருவ. வா, என் வீட்டுல வந்து தூளியக் கட்டு."

"புள்ள வீடு கட்டல, அடுப்பு கட்டிக் குடுத்திருக்கான்னு ஊரு சிரிக்கணுமா? போடா, போய் உன் வேலயப் பாரு."

மருத்துவமனையில் டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார், இந்த வெக்கையை இந்த இதயம் தாங்காது என்று. செய்தி கேட்டு எல்மெர் லீவு போட்டு ஓடி வந்தான். உள்ளே காலை வைத்ததுமே அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. கட்டியபோது அவனுக்கு இது தெரியவே இல்லை. அவன் கட்டுகிற ஓட்டல்களில் எல்லா அறையிலும் ஏசி உண்டு.

"தப்பு என்னுதுதாம்ப்பா," என்றான். "பின்னாடி ஒரு ஓலை வீடு போட்டுரலாம். ரெண்டு கதவு, நேருக்கு நேரா. நாளைக்கே காட்டுக்குப் போறோம், சித்தப்பாவும் வர்றாரு. ஒரு வாரத்துல நீங்க அதுல படுத்துக்கலாம்."

மக்காச்சோளக் கூழ் கரைத்துக்கொண்டிருந்த லிப்ராதாவின் கை நின்றது.

"நாளைக்கா? பிறை இப்பத்தானே கண்ணுக்கே தெரியுது."

"அதனால என்னம்மா?"

"என்னவா? இளம்பிறையில வெட்டுன மரம் உளுத்துக் கொட்டும். ஓலையிலயும் பூச்சி விழும். வெட்டுறதுன்னா முழு நெலாவுக்குத்தான் வெட்டணும். கான்கூன் போனதும் மறந்துட்டியா?"

"மறக்கலம்மா. உளுத்தா உளுக்கட்டும். ஒரு மூணு வருஷம் நிக்கும்ல?"

"மூணு வருஷம் போதுங்கிறியா உங்கப்பாவுக்கு?"

எல்மெருக்கு முகம் செத்துப்போனது. "ஐயோ, நான் அப்படியா சொன்னேன்? டாக்டர் சொன்னதை வெச்சுத்தான்..."

"டாக்டர் கெடக்காரு. கட்டுறதா இருந்தா இருபது வருஷம் நிக்கிற மாதிரி கட்டு. இல்லேன்னா எதையும் கட்டாத."

எல்மெர் அப்பாவைப் பார்த்தான். கஸ்பார் தூளியில் கிடந்தபடி பெண்டாட்டியை வெகுநேரம் பார்த்தார். தனக்கு எவ்வளவு நாள் பாக்கி என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. அந்த மனுஷன் அன்றைக்காவது அவளை ஒரு அதட்டு அதட்டியிருக்கலாம். அவள் மனது நோகக்கூடாது என்று நினைத்தார்.

"அம்மா சொல்றபடி செய்யி. நெலா முத்தட்டும், எனக்கென்ன அவசரம்."

முழு நிலவுக்கு வருகிறேன் என்று எல்மெர் வேலைக்குத் திரும்பினான். பிறை வளர வளர லிப்ராதாவுக்குத் தெம்பு கூடியது. கொல்லையில் கல் வைத்து வாசல்களைக் குறித்தாள். கஸ்பார் நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணினார்: "இன்னும் கெழக்கால தள்ளு புள்ள. காத்து உன் இஷ்டத்துக்கு வருமா?" இருவரும் சிரித்தார்கள். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் போல அந்த வெறும் தரையில் தூளி எங்கே, அடுப்பு எங்கே என்று சண்டை போட்டார்கள்.

நிலா முழுசாக இன்னும் சில நாளே இருந்த ஒரு மத்தியானம், இலை அசையவில்லை. லிப்ராதா ஈரத்துணியால் அவர் நெஞ்சைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துணி நனைக்க நனைக்கக் காய்ந்தது. கஸ்பாரின் கண் எங்கேயோ போய்விட்டது.

"லிப்ராதா, பின்கதவத் தெற புள்ள."

அவள் சுவரைப் பார்த்தாள். வெள்ளையடித்த வெறும் சுவர்.

"தெறந்துட்டேங்க," என்றாள்.

"ஆமா. காத்து வருது."

அதுதான் அவர் கடைசியாகப் பேசியது.

அடக்கத்துக்கு வந்த எல்மெர் திரும்பிப் போகவில்லை. முழு நிலவன்று சிக்ஸ்டோவோடு காட்டுக்குப் போனான். இனி யாருக்கு என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. அவள் கல் வைத்த இடத்திலேயே வாசல் வைத்துக் கட்டி முடித்தான். வீட்டில் காற்று அள்ளிக்கொண்டு போனது. சிக்ஸ்டோ தூணைத் தட்டிப் பார்த்து, ஆறுதல் சொல்வதாக நினைத்துச் சொன்னான்:

"இரும்பு அண்ணி, இரும்பு! இருபது வருஷத்துக்கு அசையாது."

அன்றைக்கே வெட்டியிருந்தால் அப்பா இருந்திருப்பாரே என்று எல்மெர் ஒரு தடவை கேட்டுவிட்டால் தேவலை என்று லிப்ராதா ஒவ்வொரு விடுமுறைக்கும் காத்திருக்கிறாள். அவன் வருகிறான், சாப்பிடுகிறான், கூரையில் ஓலையைச் சரிபார்த்துவிட்டுப் போகிறான். பின்கதவு இல்லாத வீட்டைக் கட்டியவன் எந்த வாயால் கேட்பான்.

அவள் அந்த வீட்டில் தனியாகத்தான் தூங்குகிறாள். காலையில் வாசல் பெருக்குமுன் ஒவ்வொரு தூணடியிலும் குந்தி, விரலால் தடவிப் பார்க்கிறாள். ஒரு சிட்டிகை உளுத்த தூள் விழுந்திருந்தால் போதும் அவளுக்கு. இருபது வருடத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள். இன்றைக்கும் தடவிப் பார்த்தாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.