இடையில் ஒரு வசனம்

எமிலி ஹார்ட் என்ற பெயரில் ஷெரோன் அன்று காலை அனுப்பிய மின்னஞ்சல்களில் ஒன்றுக்குத்தான் பதில் வந்திருந்தது. அயர்லாந்தில் பூந்தோட்டங்களைப் பற்றி எழுதும் ஒரு பெண், உங்கள் கட்டுரை வேண்டாம், இனிமேல் எழுதவும் வேண்டாம் என்று இரண்டு வரியில் முடித்திருந்தாள். ஷெரோன் அதை அழித்துவிட்டு அடுத்த முகவரியைத் திறந்தாள். மின்விசிறி வெக்கையைத்தான் சுற்றிச் சுற்றி அடித்தது.

அது கோப்பாயில், கனடாவில் இருக்கும் யாரோ ஒருவரின் மாடிவீடு. கீழே வாழைத்தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் சத்தம். மேலறை இரண்டிலும் கணினிகளுக்கு முன்னால் ஏழு பேர் இருந்தார்கள். ஏழு பேருக்கும் வேலைநேரத்தில் வெள்ளைக்காரப் பெயர்கள். லண்டனில் இருக்கும் றஞ்சித் பிடித்துத் தரும் வாடிக்கையாளர்களின் இணையத்தளங்களைத் தேடலில் மேலே கொண்டுவருவதுதான் தொழில். மதிப்பான தளங்கள் ஒரு தளத்துக்கு இணைப்புக் கொடுத்தால் அது மேலே ஏறும். அந்த இணைப்புகளை எழுதிக் கேட்டோ, கட்டுரை கொடுத்தோ, எப்படியாவது வாங்கவேண்டும். பெரும்பாலானவர்கள் தருவதில்லை.

இணையச் சூதாட்டத் தளம் நடத்தும் வாடிக்கையாளர்தான் எல்லாரிலும் பெரியவர். அவர் விலகப் போவதாகச் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை, அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் கஜீபன் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தி, நிலத்தைப் பார்த்தபடி சொன்னான்.

"உவர் போனால் ரெண்டு பேரை நிப்பாட்ட வேண்டி வரும். ஆரெண்டு நான் இப்ப சொல்லேல்லை. எனக்கும் விருப்பமில்லை."

ஷெரோன் கடைசியாகச் சேர்ந்தவள். குருநகரில் அவளும் அம்மாவும்தான். அம்மா பெர்னடெட் நண்டுச் சதை எடுக்கும் கொம்பனியில் பல வருடம் வேலை செய்தவள். ஐஸ் தண்ணீரும் ஓட்டுக் கீறலும் சேர்ந்து விரல்கள் வீங்கிச் சிவந்து, தவக்காலத்தோடு அவளை நின்றுவிடச் சொல்லிவிட்டார்கள். இப்போது வீட்டில் சம்பளம் ஷெரோனுடையது மட்டும்தான்.

கட்டணம் கட்டாமல் விடப்பட்டுக் காலாவதியான தளப் பெயர்களைத் தேடும் வேலையையும் கஜீபன் அவளிடம் கொடுத்திருந்தான். தளம் செத்துப்போனாலும், அது உயிரோடு இருந்த காலத்தில் மற்றவர்கள் அதற்குக் கொடுத்த இணைப்புகள் அப்படியே கிடக்கும். பெயரை வாங்கி, அதிலிருந்து வாடிக்கையாளரின் தளத்துக்கு ஒரு இணைப்புக் கொடுத்தால் அந்த மதிப்பும் கூட வரும். "வீட்டுக்காரன் போனாலும் வீட்டுக்கு வாற றோட்டு இருக்கும்தானே. நாங்கள் றோட்டைத்தான் வாங்குறம்" என்று கஜீபன் முதல்நாளே அவளுக்கு விளங்கப்படுத்தியிருந்தான்.

புதன்கிழமை பின்னேரம் அப்படியொரு பெயர் ஏலத்தில் அவள் கண்ணில் பட்டது. நாலு ஆங்கில எழுத்துகள், ஒரு புள்ளி. எழுத்துகளுக்கு என்ன பொருளென்று தெரியவில்லை. ஆனால் நோர்வேயில் ஒரு பல்கலைக்கழகம், ஜெனீவாவில் ஒரு நிறுவனம், வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று எல்லாம் அதற்கு இணைப்புக் கொடுத்திருந்தன. அவ்வளவு சுத்தமான ஒன்றை ஷெரோன் கண்டதில்லை. ஏலம் முடிய இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. பழைய தளத்தில் என்ன இருந்ததென்று பார்க்காமலே அவள் கஜீபனைக் கூப்பிட்டாள்.

கஜீபன் அவளுடைய கதிரைக்குப் பின்னால் நின்று பார்த்தான். பிறகு றஞ்சித்துக்கு அழைப்பெடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போனான். திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது.

"எடுத்தாச்சு. ஷெரோன், நீர் இண்டைக்கு எங்களைக் காப்பாத்திப் போட்டீர்."

எல்லாருக்கும் றோல்ஸும் சோடாவும் வந்தன. பக்கத்து மேசை வித்தியா அவளுடைய தோளில் தட்டினாள். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது ஷெரோனுக்குக் கன காலத்துக்குப் பிறகு பசித்தது.

அடுத்தநாள் அந்தத் தளத்தை மீளக் கட்டும் வேலையும் அவளுக்கே வந்தது. பழைய பக்கங்களை அப்படியே திரும்ப ஏற்றவேண்டும்; அப்போதுதான் தளம் கைமாறியது தேடுபொறிக்குத் தெரியாது. இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் ஓரிடத்தில் பழைய பிரதி இருந்தது. அவள் முதற்பக்கத்தைத் திறந்தாள். படம் மேலிருந்து கீழாக மெதுவாக இறங்கியது. கடற்கரை. கவிழ்த்து வைத்த வள்ளங்கள். அவற்றுக்குப் பின்னால் அவளுடைய குருநகர்ப் புனித யாகப்பர் கோயிலின் கோபுரம்.

கடலுக்குப் போய்த் திரும்பி வராதவர்களைப் பற்றிய தளம் அது. ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். அவள் சின்னவளாக இருந்தபோது கன்னியர் மடத்து சிஸ்டர் ஒருவரும் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் வீடு வீடாக வந்து எழுதிக்கொண்டு போனது ஞாபகம் வந்தது. பிரான்ஸிலிருக்கும் மேர்சி சின்னம்மா அதைப் பார்த்ததாக அம்மா சொல்வாள். ஷெரோனின் கைக்குப் போன் வந்த காலத்தில் தளம் இல்லாமல் போய்விட்டது. "அது இப்ப வாறேல்லையாம் பிள்ளை" என்று அம்மா எப்போதாவது சொல்வாள்.

அதிகமான இணைப்புகள் வந்தது ஒரேயொரு பக்கத்துக்கு. ஷெரோன் அதைத் திறந்தாள். அம்மா இருந்தாள். இப்போது ஷெரோன் இருப்பதைப்போல மெலிந்து, தலைமயிர் கறுப்பாக, இரண்டு கையாலும் அப்பாவின் படத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி. கீழே அம்மா சொன்னது ஆங்கிலத்தில் இருந்தது. அன்றைக்கு விடிய முதல் அவர் போனார். தேத்தண்ணீர் குடிக்கவில்லை. வீட்டில் சீனி இல்லை, அந்த நாட்களில் எங்கேயும் சீனி இல்லை. வெறும் தேத்தண்ணீர் வேண்டாம், வந்து குடிக்கிறேன் என்றார். நாலு பேர் ஒரு வள்ளத்தில் போனார்கள். வள்ளமும் வரவில்லை.

ஷெரோனுக்கு அப்போது நாலு வயது. சீனி இல்லாத கதையை அம்மா அவளுக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

அவள் எழுந்து கஜீபனுடைய அறைக்குப் போனாள். அவன் வந்து பார்த்தான்.

"உம்மடை அம்மாவோ?"

"ஓம்."

"எனக்குத் தெரியாது ஷெரோன். சத்தியமாத் தெரியாது."

"இந்தத் தளத்தை விட ஏலாதோ அண்ணை?"

"காசு குடுத்தாச்சு. றஞ்சித் அண்ணை வாடிக்கையாளருக்கும் சொல்லிப் போட்டார்."

"அப்ப அம்மாவின்ரை பக்கத்தையாவது விடுவம். மற்றப் பக்கங்களிலை போடுவம்."

கஜீபன் கழுத்தைத் தடவினான். "அந்தப் பக்கத்துக்குத்தான் லிங்க் எல்லாம் வருது. மற்றதுகளை ஆர் பாத்தது? அதை விட்டால் எடுத்ததிலை அர்த்தமே இல்லை." பிறகு திரையைக் காட்டினான்: "ஒண்டு யோசியும். இது செத்துக் கிடந்தது. நாங்கள் எடுக்காட்டில் வேறை ஆரும் எடுத்துப் படங்களையும் தூக்கி எறிஞ்சிருப்பான். இப்ப உம்மடை அப்பா திரும்பவும் இருக்கப்போறார். ஒரேயொரு வசனம்தானே கூட வரப்போகுது."

"என்ன வசனம்?"

"சூதாட்டத்தை நேரை போட்டால் பொருந்தாது. கடலாலை வந்தாப் பிறகு கூட்டாளியளோடை காட்ஸ் விளையாடுறவர் எண்டு இடையிலை ஒண்டு வரட்டும். அந்தச் சொல்லிலை லிங்கைக் குடுத்தால் சரி. ஏலாதெண்டால் சொல்லும், நான் வித்தியாவிட்டைக் குடுக்கிறன். பிழையா நினைக்க மாட்டன்."

அவன் நல்லபடியாகத்தான் சொன்னான். வித்தியா இந்தப் பக்கம் பார்க்காமல் தன்னுடைய திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கெட்டிக்காரி. அரை மணித்தியாலத்தில் எழுதி முடித்துவிடுவாள்.

"வேண்டாம். நானே செய்யிறன்" என்றாள் ஷெரோன்.

வீட்டுக்குப் போனபோது அம்மா வாசலில் இருந்து விரல்களை வெயிலுக்கு நீட்டி வைத்திருந்தாள். பூச்சு மருந்து காய்வதற்காக. ஷெரோன் பையைக் கழற்றாமலே பக்கத்தில் இருந்தாள்.

"அம்மா, அப்பா காட்ஸ் விளையாடுறவரோ?"

"காட்ஸோ? சீ. கரையிலை நிண்டால் வலை பொத்துவார், இல்லாட்டில் நித்திரை. அவருக்கு எங்கை அதுக்கு நேரம்?" அம்மா திரும்பிப் பார்த்தாள். "ஏன் கேக்கிறாய்?"

"சும்மா."

"ஆரும் என்னவும் சொன்னவையோ?"

"இல்லையம்மா. சும்மாதான் கேட்டனான்."

மறுநாள் அவள் அந்தச் சீட்டாட்ட வசனத்தை எழுதினாள். எழுதுவது கஷ்டமாக இருக்கவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. அம்மாவின் வசனங்கள் எல்லாம் குட்டையானவை. அதே மாதிரி ஒன்று எழுதினாள்: பின்னேரங்களில் அவர் கூட்டாளிகளோடு காட்ஸ் விளையாடுவார், நான் அவர் வரும்வரை விழித்திருப்பேன். இரண்டாவது பகுதி தேவையில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் வசனம் ஒட்டியதுபோலத் தெரிந்தது. தேத்தண்ணீருக்குப் பின்னால் வைத்துப் பார்த்தாள். பிறகு அதற்கு மேலே கொண்டுபோனாள். சீனிக்கும் வள்ளத்துக்கும் இடையில் எதையும் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. இணைப்பைக் கொடுத்ததும் இரண்டு சொற்கள் நீலமாயின. கஜீபன் வாசித்துவிட்டு, "இது அவவே சொன்ன மாதிரி இருக்கு" என்றான். சொன்ன பிறகு அவனுக்கே ஒரு மாதிரி இருந்திருக்கவேண்டும். கணக்குப் பார்க்கவிருப்பதாகச் சொல்லி எழுந்து போனான்.

மாதம் முடிவதற்குள் சூதாட்டத் தளம் தேடலின் முதற்பக்கத்துக்கு வந்தது. வாடிக்கையாளர் விலகவில்லை. ஆனாலும் செலவைக் குறைக்கச் சொல்லி றஞ்சித் எழுதியதில் வித்தியாவையும் இன்னொருவனையும் நிறுத்தினார்கள். வித்தியா தன் கோப்பையைக் கழுவிப் பையில் வைத்துக்கொண்டு, "நீர் நில்லும், உமக்குத்தான் தேவை கூட" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். ஷெரோனை நிரந்தரமாக்கினார்கள். ஒவ்வொரு நாளும் வேறு எந்தத் தளங்கள் ஏலத்துக்கு வருகின்றன என்று பார்ப்பதுதான் இப்போது அவளுடைய முழு வேலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து அம்மா புட்டுக்கு மாக் குழைக்க முடியாமல் ஷெரோனிடம் சொல்லிச் சொல்லிச் செய்வித்துக்கொண்டிருந்தபோது, மேர்சி சின்னம்மா வீடியோவில் வந்தாள்.

"அக்கா, அத்தானின்ரை பக்கம் திரும்ப வந்திருக்கு. இவன் டினேஸ் எதையோ தேடேக்கை கண்டவன். உன்ரை படமும் கிடக்கு."

அம்மா எழும்பிப் போனுக்குக் கிட்டப் போனாள். "மெய்யாவோ? ஆர் திரும்பப் போட்டது?"

"தெரியேல்லை. அந்த சிஸ்டராக்கள்தான் போட்டிருப்பினம். டினேஸ், பெரியம்மாவுக்கு வாசிச்சுக் காட்டடா."

மேர்சியின் மகன் டினேஸ் பிரான்ஸில் பிறந்தவன். ஆங்கிலத்தில் வாசித்து, தடக்கித் தடக்கித் தமிழில் சொன்னான். அம்மா தலையை ஆட்டிக்கொண்டு கேட்டாள். தன்னுடைய சொற்கள் திரும்பி வருவதை அவள் அடையாளம் கண்டுகொண்டாள். "ஓம், ஓம். விடிய முதல்தான் போனவர்" என்றாள். ஷெரோன் மாவைக் குழைத்துக்கொண்டே இருந்தாள். அது ஏற்கெனவே பதமாகிவிட்டிருந்தது.

"பிறகு, பின்னேரத்திலை காட்ஸ் விளையாடப் போறவர், நீங்கள் நித்திரை கொள்ளாமல் பாத்துக்கொண்டு இருக்கிறனீங்கள் எண்டு கிடக்கு" என்றான் டினேஸ்.

அம்மாவின் தலை ஆடுவது நின்றது.

"அத்தான் விளையாடுறவரோ அக்கா? எனக்குத் தெரியாது" என்றாள் மேர்சி.

"நான் அப்பிடிச் சொன்னனானோ?"

"அப்பிடித்தான் கிடக்கு பெரியம்மா."

டினேஸ் மிச்சத்தையும் வாசித்தான். சீனி வந்தது. வள்ளம் வந்தது. மேர்சி அழுதாள். அம்மா அழவில்லை. அழைப்பு முடிந்த பிறகும் அடுப்படி வாசலில் அப்படியே இருந்தாள்.

"அம்மா" என்றாள் ஷெரோன். சொல்லிவிடலாமென்று வாய்வரை வந்தது. அம்மா அவளைப் பார்க்கவில்லை.

"எழுதிக் கிடக்கெண்டால் நான்தான் சொல்லியிருப்பன். அந்த நேரம் எனக்கு எல்லாம் நல்ல ஞாபகம். இப்பத்தான் ஒண்டும் நிக்குதில்லை, அண்டைக்கு நீ கேக்கேக்கையும் இல்லையெண்டுதானே சொன்னனான்." அடுப்பைப் பார்த்தபடி, "பிந்தி வாற நாளிலை சண்டை பிடிச்சிருக்கிறன். அது ஞாபகம் கிடக்கு. அப்ப இதுக்குத்தானாக்கும்" என்றாள்.

"அப்பிடி இல்லையம்மா."

"உனக்கு என்ன தெரியும், நீ குழந்தை. ஆரோடை விளையாடினவர்? அந்தோனிமுத்து அண்ணையோடையாத்தான் இருக்கும். அவரிட்டைக் கேப்பமெண்டால் அவரும் அண்டைக்குப் போனவர். றெஜியும் போனவன். யேசுதாசனும் அதே வள்ளம்தான்." கேட்பதற்கு இப்போதும் உயிரோடிருக்கும் ஒருவருடைய பெயரைத் தேடினாள். கிடைக்கவில்லை. "அந்தப் பக்கத்தை எனக்கு எடுத்துக் காட்டு."

ஷெரோன் கையைக் கழுவிவிட்டு வந்து எடுத்துக் கொடுத்தாள். அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவின் படத்தைப் பார்த்தாள். தன்னுடைய படத்தையும் பார்த்தாள். பிறகு அந்த வசனம் எதுவென்று கேட்டாள். ஷெரோன் காட்டினாள்.

"ஏன் இதிலை மட்டும் நீலமாக் கிடக்கு?"

புட்டுப் பானையில் தண்ணீர் கொதித்து மூடி துடித்தது. ஷெரோன் போய் நெருப்பைத் தணித்துவிட்டு வந்தாள்.

"முக்கியமான இடத்தை அப்பிடித்தான் போடுறவை" என்றாள்.

அம்மா சரியென்பதுபோலத் தலையசைத்தாள். பூச்சு மருந்து மினுங்கும் வீங்கிய விரலை அந்த நீல எழுத்துகளுக்குக் கீழே வைத்து, வாசிக்கத் தெரியாத அந்தச் சொற்களின் வழியே ஒவ்வொரு எழுத்தாக மெல்லக் கொண்டுபோனாள்.