அதிகாரிக்குக் காட்டிய கற்பூரம்

மெட்ராஸுக்கும் ஆந்திராவுக்கும் எல்லை பிரிக்கிற அதிகாரி எங்க புத்தூர் பக்கம் வர்றாருன்னதும் எனக்குச் சோறு எறங்கல. அரக்கோணத்துச் செங்கல்வராயன் மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டாரு: "சந்திரம்மா, உங்க ஊரு மெட்ராஸோட சேர்ந்தாத்தான் உன் பொண்ணு தாட்சாயணி எங்க வூட்டு மருமக. ஆந்திராவுல சம்பந்தம் பண்ண மாட்டேன்." பையனுக்கு ரயில்வேயில வேலை. வுடுவனா நானு?

காலேஜைப் பாதியில வுட்டுட்டு வந்த கன்னையாதான் யோசனை சொன்னான். தமிழ்ல கேட்டா தெலுங்குக்காரங்களுக்குக் கோவம், தெலுங்குல கேட்டா நமக்கே கோவம், இங்கிலீஷ்ல கேட்டா ஒருத்தருக்கும் புரியாது, ஒருத்தருக்கும் கோவமில்ல. எங்க ஊரு மெட்ராஸோட சேரணும்னு இங்கிலீஷ்ல சொல்ல ஊரே கூடிக் கத்துக்கினு இருந்தோம். 'ஐ விஷ்'னு ஆரம்பிச்சு, இன்னிக்கு இருக்கிற ஆசைய நேத்து நடந்த மாதிரி சொல்லணுமாம். வருத்தம்னா அதுக்கும் பின்னால போவணுமாம். என்னடா கருமம் இது! எனக்கு நாக்கு சுளுக்கிக்கிச்சு. தாட்சாயணிதான் கிளியாட்டம் சொன்னா. எனக்குப் பெருமை தாங்கல.

இங்கிலீஷா இருந்தா இன்னா, வேண்டுதல் வேண்டுதல்தானே? எங்க ஊர்ல கங்கம்மா முன்னால ஆசையச் சொன்னா, கற்பூரம் ஏத்தித் தேங்கா ஒடைக்கணும். ஒடைச்சப்பறம் யாரும் அதை மாத்தக் கூடாது. நான் திருப்பதிக்குப் போயி முன்கூட்டியே மொட்டையும் போட்டுக்கினு வந்துட்டேன்.

அதிகாரி நாற்காலியில உக்காந்தாரு. தாட்சாயணி முன்னால போயி இங்கிலீஷ்ல கணீர்னு சொன்னா. நான் அவரு மூஞ்சிக்கு நேரா கற்பூரம் சுத்தினேன். அவரு இருமிக்கினே எழுந்தாரு. பூட்ஸ் பக்கத்துல தேங்காய ஓங்கி ஒடைச்சேன். சனமெல்லாம் கன்னத்துல போட்டுக்கினு, "அதேதான் சாமி! ஊரே அதைத்தான் வேண்டிக்குது!"ன்னு கத்திச்சு.

கண்ணாடியில தெறிச்ச தண்ணியத் தொடைச்சுக்கினு அவரு கேட்டாரு: "எல்லைக்கும் இதுக்கும் இன்னாம்மா சம்பந்தம்? இந்தக் கல்யாணம் இல்லாம இருந்தா நல்லா இருக்குமேன்னு உங்க பொண்ணு சொல்லுது."

கன்னையா வானத்தைப் பார்த்தான்.

"அடிப்பாவி!"ன்னு கையை ஓங்கினேன். கங்கம்மா கோயில் பூசாரி ரங்கையா குறுக்க வந்து தேங்கா மூடியக் காட்டினாரு. "சரிபாதியா ஒடைஞ்சிருக்குது சந்திரம்மா. நீதானே ஒடைச்சே?"

ஓங்கின கைய எறக்கினேன். "ஏண்டி, இதை எங்கிட்டத் தமிழ்லயே சொல்லியிருக்கக் கூடாதா?"

அவ என் முந்தானைய இழுத்து மொட்டைத் தலைய மூடிவிட்டா.

"சொன்னேனேம்மா. நீ எப்பனா காது குடுத்துக் கேட்டியா?"

வேற எடம் பார்த்துக்கச் சொல்லி செங்கல்வராயனுக்கு அன்னிக்கே ஆள் அனுப்பிட்டேன்.