இடது பின்னங்கால் வெள்ளை

எல்லைச் சாவடியின் கால்நடை அதிகாரி மூன்றாவது முறையாக லாரிக்குள் ஏறிக் குனிந்து பார்த்துவிட்டு இறங்கினார். குளிரில் அவர் மூக்கு நுனி சிவந்திருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு, குதிரையின் அடையாளங்களைக் கையால் படமாக வரைந்திருந்த அதன் பாஸ்போர்ட்டைத் திரும்பவும் புரட்டினார்.

"படத்துல இடது பின்னங்கால் வெள்ளைன்னு இருக்கு. இந்தக் குதிரைக்கு வலது பின்னங்கால்ல இல்ல வெள்ளை இருக்கு?"

இரண்டு நாளாக லாரியை ஓட்டி வந்தவள் மருமகள்தான். "கழுத்துல சிப் இருக்கு, அந்த நம்பர் சரியா இருக்குதே?" என்றாள்.

"நம்பரும் சரியா இருக்கணும், படமும் சரியா இருக்கணும். ஒண்ணு இருந்தா போதாது."

லாரியின் முன்பக்கத்திலிருந்து மாமியார் தலையை நீட்டினாள். "என்னவாம்?" விஷயம் தெரிந்ததும் கதவைத் திறந்துகொண்டு இறங்கியே வந்துவிட்டாள். "இவன் என் கையில பொறந்தவன். இவனுக்கு எந்தக் கால் வெள்ளைன்னு எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியும்மா. இந்தக் காகிதத்துக்குத் தெரியலையே," என்றார் அதிகாரி. குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

குதிரையை எல்லோரும் துரை என்றுதான் கூப்பிடுவார்கள். அதன் மிடுக்கு அப்படி. பதினான்கு வயது. மாமியாருக்குச் சொந்தம். ஆனால் ஆறு வருடமாக அதன் மேல் ஏறித் தடை தாண்டும் போட்டிகளுக்குப் போவது மருமகள். அவர்கள் ஊரில் குளிர்காலம் வந்தால் மைதானமெல்லாம் சேறு, நான்கு மாதம் போட்டியே கிடையாது. இந்தப் பக்கத்து நாட்டிலோ கூரை போட்ட பெரிய அரங்கம், உள்ளே மணல் தரை, நடுக்குளிரிலும் போட்டி. இரண்டு நாள் சுற்றுகளையும் சேர்த்து முதல் எட்டு இடத்துக்குள் வந்தால் வசந்தகாலப் பெரிய போட்டிக்கு அழைப்பு உண்டு. துரைக்கு வயதாகிறது. அடுத்த வருடம் இவ்வளவு உயரம் தாண்டுமோ என்னவோ. இதற்காகவே அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மூன்று மாதமாக எல்லோருடைய ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்டையும் வாங்கிப் போட்டுக்கொண்டு, ஒரு வாரம் லீவு சேர்த்திருந்தாள்.

வழியிலேயே பாதி உயிர் போயிருந்தது. வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு வழி சொன்னது மாமியார். "இடது பக்கம் திரும்பு, இடது பக்கம்," என்று அவள் சொன்னதைக் கேட்டுத் திரும்பி, முப்பது கிலோமீட்டர் போய், ஒரு சிமெண்ட் ஆலையின் முற்றத்தில் முட்டிக்கொண்டு நின்றார்கள். குதிரையோடு லாரியைப் பின்னால் எடுத்துத் திருப்ப அரைமணி நேரம் பிடித்தது. அப்போதும் மாமியார், "ரோட்டை மாத்தி வச்சிருக்கானுங்க," என்றுதான் சொன்னாள்.

இப்போதும் அதே தோரணைதான். "எல்லாம் நம்ம டாக்டர் பண்ண வேலை. அந்த ஆளுக்கு எப்பவும் அவசரம். கண்ணாடியும் போட்டுக்க மாட்டாரு. எருமைக்கும் குதிரைக்கும் வித்தியாசம் தெரியுதே, அதுவே பெரிசு."

மருமகள் ஊரிலுள்ள கால்நடை டாக்டருக்குப் போன் போட்டாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"அம்மா, பாஸ்போர்ட் போட்ட அன்னிக்கு எனக்குக் கை உடைஞ்சு கட்டுப் போட்டிருந்துச்சு. சிப்பை மட்டும் ஒத்தக் கையால வச்சேன். படத்த வரைஞ்சது உங்க மாமியார். பார்க்காம கையெழுத்து போட்டது என் தப்பு." பிறகு கேட்டார்: "அவங்க பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்காங்க. உங்க கண்ணாடியப் பத்தியும் எருமையப் பத்தியும் பேசிட்டிருக்காங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். மாமியார் லாரிக்குள் ஏறி, ஏற்கெனவே வாரியிருந்த பிடரியை மறுபடி வாரிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, படத்த நீங்களா வரைஞ்சீங்க?"

"பத்து வருஷத்துக்கு முன்னாடி நடந்தது யாருக்கு ஞாபகம் இருக்கு?" என்றாள் மாமியார், சீப்பை நிறுத்தாமல்.

டாக்டர் திருத்தக் கடிதம் எழுதி, அதற்கு அவர் ஊர் அலுவலகத்தில் முத்திரை வாங்கி அனுப்பினார். இங்கே அதை ஒப்புக்கொள்ள வேண்டிய மேலதிகாரி நான்கு மணிக்கே வீட்டுக்குப் போயிருந்தார். துரையைச் சாவடிக் கொட்டகையில் கட்டிவிட்டு, இரண்டு பெண்களும் பக்கத்து விடுதியில் ஒரே அறையில் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தார்கள். மறுநாள் பதினொரு மணிக்கு விட்டார்கள். அங்கிருந்து அரங்கம் ஆறு மணி நேரம். போய்ச் சேர்வதற்குள் முதல் நாள் சுற்று முடிந்தே போயிருக்கும்.

திரும்பிப் போய்விடலாம் என்று மருமகளுக்கு வாய்வரை வந்தது. திரும்பிப் போக இரண்டு நாள், முன்னால் போக ஆறு மணி நேரம். குதிரைக்குக் கால் நீட்ட இடம் வேண்டும். முன்னாலேயே போனார்கள். பாதி வழியில் மாமியார் பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றி நீட்டினாள். இவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். மாமியார் அதையும் தானே குடித்துவிட்டாள். அதற்கும் சேர்த்து ஆத்திரம் வந்தது.

இரண்டாம் நாள் காலை, பயிற்சிக் கூடத்தில் துரை முதல் தடைக்கு முன்னால் நின்றுவிட்டது. திருப்பிக் கொண்டுவந்தாள். திரும்பவும் நின்றது. கடிவாளத்தை அவள் பிடித்திருந்த பிடியில் கை விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. எப்போதும் ஓரத்தில் நின்று, "கையை விடு, முதுகை நிமிர்த்து," என்று உயிரை வாங்கும் மாமியார், இன்றைக்குப் பார்த்து வாயே திறக்காமல் விழுந்த கழிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏதாவது சொல்லுங்களேன்!" என்று கத்தினாள் மருமகள். கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொன்னா உனக்குக் கோபம் வரும்."

"சொல்லலேன்னாலும்தான் வருது! மூணு மாசம் நாய் மாதிரி உழைச்சிருக்கேன் அத்தை. தப்பு நடக்கும், சரி. நான்தான் வரைஞ்சேன்னு ஒரு வார்த்தை சொல்ல என்ன கஷ்டம்? அந்த மனுஷனப் போட்டு அவ்வளவு திட்டுனீங்களே!"

மாமியார் கையிலிருந்த கழியைக் கீழே வைத்தாள். குதிரையின் கழுத்தோரம் வந்து நின்று, மெதுவாகத்தான் பேசினாள்.

"எனக்கு இடது வலது தெரியாதும்மா."

"என்னது?"

"சின்ன வயசுலேர்ந்தே. சாப்பிடுற கை எதுன்னு யோசிச்சுப் பார்த்துட்டுத்தான் சொல்லுவேன். அவசரத்துல மாறிடும். இருபத்திமூணு வயசுல ஒரு போட்டி. நாலாவது தடைய தாண்டி இடது பக்கம் திரும்பணும். நான் வலது பக்கம் போனேன். மணி அடிச்சு வெளிய அனுப்பிட்டாங்க. என்னாச்சுன்னு எங்கப்பா கேட்டாரு. குதிரை பேச்சு கேக்கலைன்னு சொல்லிட்டேன். அடுத்த வாரமே அவர் அந்தக் குதிரைய வித்துட்டாரு." துரையின் தோளில் ஒட்டியிருந்த ஒரு வைக்கோல் துணுக்கைக் கிள்ளி எடுத்தாள். "நல்ல குதிரை. அதுக்கப்புறம் நான் எதுமேலயும் ஏறல. இத யார்கிட்டயும் சொன்னதில்ல. உன் மாமனாருக்குக்கூடத் தெரியாது."

மருமகளுக்குச் சிமெண்ட் ஆலை ஞாபகம் வந்தது. அதற்கு முன்னால் எத்தனையோ தெருக்கள், எத்தனையோ தடவை தப்பாகப் போய் நின்ற கல்யாண மண்டபங்கள், ஆஸ்பத்திரிகள். பரிதாபப்படுவதா, பல்லைக் கடிப்பதா என்று தெரியவில்லை.

"டாக்டர் என்ன பாவம் பண்ணாரு?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒண்ணும் பண்ணல," என்றாள் மாமியார். "கைய விடு. அவனுக்கு வாய் வலிக்குது."

கடிவாளத்தைத் தளர்த்தினாள். துரை தலையை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு, அடுத்த முறை அந்தத் தடையைத் தாண்டியது.

அரங்கத்துக்குள் பன்னிரண்டு தடைகள். வெளிச்சமும் விளம்பரப் பலகைகளும் கண்ணைப் பறித்தன, ஒலிபெருக்கி காதைப் பிளந்தது. துரை காதுகளை விடைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தது. மணி அடித்தது. முதல் ஐந்து தடைகள்வரை அவளுக்கு மூச்சு விட்டதாகவே நினைவில்லை. ஆறாவதாக வந்த இரட்டைத் தடையில் துரை தானாகவே ஒரு காலடியைக் குறைத்துக்கொண்டு எழும்பியது. அதற்குமேல் அவள் அதன் போக்கில் குறுக்கிடவில்லை. கடைசித் தடையில் பின்குளம்பு கழியில் பட்டு டக்கென்று சத்தம் கேட்டது. கழி ஆடியது. ஆடி, இருந்த இடத்திலேயே நின்றது. தப்பில்லாத சுற்று. அன்றைக்கு வந்த நாற்பத்தொரு குதிரைகளில் ஐந்தாவது இடம். துரை இதுவரை இப்படி ஒரு சுற்று தாண்டியதே இல்லை.

இந்த ஒரு சுற்றை வைத்தாவது சேர்ப்பார்களா என்று போய்க் கேட்டாள். அலுவலக ஜன்னலில் இருந்த பெண்மணி பட்டியலில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "நேத்தும் வந்து, தப்பா ஒரு கழியத் தள்ளியிருந்தாக்கூட நீங்க எட்டுக்குள்ள வந்திருப்பீங்க. ஒரு நாள் சுற்றை மட்டும் கணக்குல எடுக்க முடியாதுங்க."

அவள் லாயத்துக்குத் திரும்பிவந்து சேணத்தைக் கழற்ற ஆரம்பித்தாள். வாரை இழுத்த இழுப்பில் துரை திரும்பிப் பார்த்தது. முகத்தைப் பார்த்தே மாமியார் புரிந்துகொண்டிருப்பாள். வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்து, போனைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்து எண்களை அழுத்தினாள்.

"டாக்டரா? நான்தான் பேசுறேன். அந்தப் படம் நான் வரைஞ்சது. முந்தாநாள் உங்க மேல பழியப் போட்டேன். அது தப்பு. ரெண்டு மூணு பேரு முன்னாடி வேற சொன்னேன்." மறுபக்கம் என்னவோ சொன்னார்கள். மாமியாரின் புருவம் ஏறியது. "எருமையா? அதையும் சொல்லிட்டாளா? சரி, அதுக்கும் சேர்த்துத்தான்... இருங்க, நான் இன்னும் முடிக்கல. மன்னிப்பு கேக்கறப்ப குறுக்க பேசுனா நான் எப்படிக் கேக்கறது? வாய மூடிட்டுக் கேளுங்க."

மருமகள் சேணத்தைத் தோளில் சுமந்தபடி நின்றாள். கோபம் போகவில்லை. ஊர் போய்ச் சேரும்வரை போகாது என்றும் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து, வேண்டாம் வேண்டாம் என்று அடக்கியும், சிரிப்பு வந்து தொலைத்தது.