வெள்ளைக்காதியின் வயிற்றில் அரிசி

காலையில் பட்டிக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். பன்னிரண்டு பெட்டை ஆடுகளில் நான்கு எழுந்திருக்கவில்லை. வயிறு உப்பி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு கிடந்தன. ஐந்தாவதாக வெள்ளைக்காதி. அவள் செத்தே போயிருந்தாள்.

கொன்றது நான்தான் என்று நினைத்தேன்.

போன வருஷம் நாலு ஆடுதான் குட்டி போட்டன. அதிலும் இரண்டு குட்டி, தாய்க்குப் பால் ஊறாமல் செத்தன. இந்தத் தடவையும் இப்படியானால் ஆடுகளை விற்றுவிட்டுச் சென்னைக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போய்விடுவேன் என்று என் வீட்டுக்காரர் கோதண்டராமன் சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற மனுஷன். எனக்கு ஆடுகளும் வேண்டும், அவரும் இங்கே சிங்கவரத்தில் வேண்டும்.

அதனால்தான் கால்நடை டாக்டரம்மா சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கிடா சேர்ப்பதற்கு மூன்று வாரம் முன்பிருந்து, மேய்ச்சலோடு கொஞ்சம் தீவனமும் போட்டால் உடம்பு தேறும், சினை நன்றாகப் பிடிக்கும், இரட்டைக் குட்டிகூடப் போடும் என்றார். உடைத்த மக்காச்சோளம், கடலைப் பிண்ணாக்கு, தவிடு. ஒரு கைப்பிடியில் ஆரம்பித்து மெல்ல ஏற்றி, ஆட்டுக்கு நாளைக்குக் கால் கிலோவோடு நிறுத்த வேண்டும்; மிஞ்சினால் வயிற்றில் புளித்து ஆட்டையே கொன்றுவிடும். மூன்று வாரமாகத் தராசு வைத்துத்தான் போட்டேன்.

அதைப் பார்த்தால் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு. "இன்னாடி, ஆட்டுக்குத் தராசா? அப்டியே வாழ எலையும் போட்டு உக்கார வை."

நேற்று மாலை ஆடுகள் தீவனத்தை முகர்ந்துவிட்டு விலகியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். வெயில் என்று விட்டுவிட்டேன்.

செஞ்சியிலிருந்து டாக்டரம்மா ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். ஊசி போட்டார். சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஒவ்வொன்றின் வாயிலும் ஊற்றச் சொன்னார்.

"எவ்ளோ போட்டீங்க அமிர்தவல்லி? உண்மையச் சொல்லுங்க."

"கால் கிலோதான் மேடம். என் புள்ளைங்க மேல சத்தியம்."

வீட்டுக்காரர் வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். டாக்டரம்மா வெள்ளைக்காதியின் வயிற்றை அறுத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். உள்ளே அரிசி. ஊறிப் பருத்து, புளித்த நாற்றம் அடிக்கிற ரேஷன் அரிசி, குவியலாக.

நான் ஒரு மணி அரிசி போடவில்லை. என்னைத் தவிர இந்தப் பட்டிக்குள் கால் வைப்பது ஒரே ஒருத்தர்தான். திரும்பினேன்.

"விக்கறதுக்குத்தான் இப்டி பண்ணியா நீ?"

பதினாலு வருஷக் குடித்தனத்தில் அவரை 'நீ' என்றது அதுதான் முதல் தடவை.

"ஐயோ, இல்ல அமிர்தம். பத்து நாளா நீ எந்திரிக்கறதுக்கு முன்னாடி நானும் ஆளுக்கு ஒரு கை போட்டுனு இருந்தேன். கிடா வருதே, ரெட்டையா போடட்டுமேன்னு நேத்து பாதி மூட்டையக் கொட்டிட்டேன்."

"அப்ப இன்னாத்துக்கு என்னக் கிண்டல் பண்ணீங்க?"

"மெட்ராஸ் போறேன்னு வாய் விட்டுட்டேன். ஆடு வேணும்னு எப்டி வந்து சொல்றது?"

நான் நம்பவில்லை. இரண்டு நாள் அவரோடு பேசவுமில்லை. இருவரும் மாறி மாறி சோடாத் தண்ணீர் ஊற்றினோம். நான்கும் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன.

மூன்றாம் நாள் விடிகாலை, நான் வாளியோடு வரும்போது அவர் பட்டியைத் திறந்துகொண்டிருந்தார். அவர் செருப்புச் சத்தம் கேட்டதுமே பதினொன்றும் கத்திக்கொண்டு ஓடி வந்தன. தள்ளாடிய நான்கும்கூட. முழங்காலில் முட்டி, அவர் கையை முகர்ந்து, விரலை நக்கின. என்னிடம் அவை ஒரு நாளும் இப்படி வந்ததில்லை.

அவர் வெறும் கையை விரித்துக் காட்டிக்கொண்டு அழுதார்.

அவர் சொன்ன அந்தப் பத்து நாள் பொய்யில்லை. வாளியை வைத்துவிட்டு உள்ளே போய்த் தராசை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன்.

"இப்ப வேணாம். டாக்டரம்மா சொன்னப்புறம் நீங்களே போடுங்க. கால் கிலோ. அதுக்கு மேல ஒரு பிடி போட்டீங்க, கைய ஒடிச்சுடுவேன்."