சிவப்புக் கோடு போட்ட சொல்

திருத்தணி தபாலாபீஸ் வாசலில் மனு எழுதும் நஜீர் அகமதுக்கு அன்று காலையிலேயே ரத்தம் கொதித்தது. பாதிரியார் பெரே தம் தாய்க்கு, ஸ்பெயினில் அவர் ஊர்ப்பக்கம் பேசும் கத்தலான் மொழியில் எழுதிய கடிதம் திரும்பி வந்திருந்தது. மூன்று சொற்களுக்கு அடியில் யுத்தகாலத் தணிக்கைக்காரர் சிவப்புக் கோடு இழுத்திருந்தார். சங்கேதமாம்! விளக்கம் தராவிட்டால் கடிதம் போகாது. தாயோ ஸ்பெயினில் படுத்த படுக்கை.

"இன்னா பாய், பாதரு ஜப்பான்காரனுக்குத் துப்பு சொல்றாராமே?" ஜன்னலுக்குள்ளிருந்து போஸ்ட்மாஸ்டர் கங்காதரன் சிரித்தார்.

"சிரிச்சிகினே இருங்க சார்! பெத்தவளுக்கு எழுதற கடுதாசியில துப்பு இன்னாத்துக்கு?"

"ஸ்பானிஷில் எழுதிவிடுகிறேன், பாய்," என்றார் பாதிரியார். "அம்மாவுக்கு அது வாசிக்க வராது. யாராவது மொழிபெயர்த்துச் சொல்வார்கள்."

"ஒண்ணும் வாணாம். அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்லுங்க பாதர், நான் எழுதறேன்."

நஜீர் தாளில் கோடு கிழித்து மூன்று பத்தி பிரித்தார். பொருள், வேர், காலம். அஞோரு: தொலைவில் இருப்பவரை நினைத்து ஏங்குகிறேன். அஞுராவா: ஏங்கிக்கொண்டிருந்தேன். அஞுராரே: ஏங்குவேன். வேர் லத்தீன்; அங்கே அதற்கு 'அறியாதிருத்தல்' என்று பொருள்.

"தெரியாததுக்கும் ஏங்கறதுக்கும் இன்னா சம்பந்தம்?"

"அம்மா அங்கே இருக்கிறாள். எப்படி இருக்கிறாள், எனக்குத் தெரியாது. அதுதான், பாய்."

நஜீரின் பேனா நின்றுவிட்டது. பினாங்கில் கடை வைத்திருந்த தம்பி கரீமுல்லாவிடமிருந்து, ஜப்பான்காரன் அந்த ஊரைப் பிடித்த பிறகு, ஒன்றரை வருஷமாக ஒரு வரி இல்லை. அவர் நான்காவதாக ஒரு பத்தி போட்டார். உதாரணம்: 'பினாங்கிலுள்ள என் தம்பியை நினைத்து ஏங்குகிறேன். உயிரோடிருக்கிறானா, அறியேன்.' கீழே தம் பெயரையும் விலாசத்தையும் முழுசாக எழுதிக் கையெழுத்திட்டார்.

தாள் தணிக்கை ஆபீசுக்குப் போய், மூன்றாம் வாரம் பதில் வந்தது. பாதிரியாரின் கடிதம் கப்பலுக்குப் போய்விட்டதாம். பாதிரியார் நஜீரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஆனால் உறையில் விளக்கத் தாளும் திரும்பியிருந்தது. உதாரணம் இருந்த இடத்தைப் பிளேடால் அறுத்தெடுத்திருந்தார்கள். ஓட்டை வழியே மேஜை தெரிந்தது.

கங்காதரன் இப்போது சிரிக்கவில்லை. "பினாங்குன்னு ஊர் பேரைப் போட்டுட்டீங்களே பாய். சண்டை நேரம்."

"அவன் இருக்கிற ஊரு அதானே சார்! வேற எந்த ஊரைப் போடறது? பாதரு அம்மாவுக்கு மூணு வார்த்தை போவுது, எந்தம்பிக்கு ஒரு வரி நிக்கக்கூடாதா?"

"விடுங்க பாய்."

"விடறதா?" நஜீர் புதுத்தாளை உருவி, ஓரத்தில் '1' என்று எண் போட்டு, கரீமுல்லா என்று கொட்டை எழுத்தில் தொடங்கினார். "அறுக்க அறுக்க எழுதறேன். பிளேடு மழுங்கட்டும்."