தலைமையாசிரியர் வழியாக

என் கைப்பையில் எப்போதும் ஒரு தாள் இருந்தது. எங்கள் பள்ளியில் என்னைத் தவிர உள்ள நான்கு பேருடைய யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் அதில் வரிசையாக எழுதியிருந்தது. முதல் வரி தலைமையாசிரியர் லிங்கராஜ் சாருடையது.

ஆசிரியர்களுக்கு ஊக்கம் தருவதற்கென்று ஓர் ஆன்லைன் பயிற்சித் தளம் உண்டு. மாதம் ஒரு பயிற்சி. வீடியோ முழுக்க ஓடினால்தான் கேள்வி வரும், கேள்விக்குப் பதில் போட்டால்தான் சான்றிதழ் வரும். எங்கள் பள்ளி வழக்கம் என்னவென்றால், எல்லோருடைய பயிற்சியையும் ஜெயசெல்வி டீச்சர் முடித்துவிடுவாள். அந்த இளிச்சவாய் நான்தான். "போட்டு விட்டுருங்க டீச்சர், உங்களுக்குத்தான் சுத்தமா வருது" என்று மதியம் நான்கு போனையும் என் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். நான்கிலும் ஒரே கோட்டு போட்ட மனிதர், "ஆசிரியர் என்பவர் ஒரு விளக்கு" என்பார். நான்கு விளக்குக்கு நடுவில் என் சோறு ஆறிப்போகும்.

ஐப்பசியில் வந்த பயிற்சியின் கடைசிக் கேள்வி: உங்கள் வகுப்பறையில் நீங்கள் செய்த புதிய முயற்சியை எழுதுக. கடைசி நாள் அது. மூன்று பேருக்கு மூன்று பொய் எழுதினேன். லிங்கராஜ் சாருக்கு வரும்போது கைவசம் பொய் தீர்ந்துவிட்டது. நாசரேத் பஸ்ஸுக்கு இருபது நிமிடம்தான் இருந்தது. என் ஏழாம் வகுப்பில் நடந்ததை எழுதி, போனில் இருந்த படத்தையும் சேர்த்துப் போட்டுவிட்டேன். எனக்கு வேறு ஏதாவது எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எனக்குப் போடும்போது தளம் சுற்றிக்கொண்டே நின்றது. பஸ் வந்துவிட்டது.

நடந்தது இதுதான். எங்கள் பிள்ளைகளுக்குச் சதவீதம் என்றாலே வேப்பங்காய். அவர்களுடைய அப்பாமார் எல்லாம் கடலுக்குப் போகிறவர்கள். போகும் முன் வானத்தையும் பார்ப்பார்கள், போனில் காற்று நிலவரமும் பார்ப்பார்கள். அதனால் ஒரு பழுப்புத் தாளைச் சுவரில் ஒட்டி மூன்று கட்டம் போட்டேன்: அப்பா சொன்னது, செல்போன் சொன்னது, அடித்த காற்று. மேற்கிலிருந்து வரும் கச்சானா, வடக்கிலிருந்து வரும் வாடையா, கிழக்கிலிருந்து வரும் கொண்டலா என்று அறுபத்து நான்கு நாள் பிள்ளைகளே நிரப்பினார்கள். கடைசியில் கணக்குப் போட்டால் செல்போன் நாற்பத்து நான்கு நாள் சரி, அப்பாமார் நாற்பத்தெட்டு நாள் சரி. "எழுவத்தஞ்சு சதவீதம்! எங்கப்பா ஜெயிச்சிட்டாவ!" என்று செலஸ்டினா பெஞ்சு மேல் ஏறிக் குதித்தாள். என் பதினாறு வருட வேலையில் அதைவிட நல்ல நாள் எனக்குக் கிடையாது.

அந்த நாள்தான் லிங்கராஜ் சாருக்குப் பரிசு வாங்கிக் கொடுத்தது. 'ஊக்கம் தரும் ஆசிரியர்' என்று தளத்தில் அவர் படம் வந்தது. மில்லர்புரத்திலிருந்து லட்டு வாங்கிவந்து அவர் கையாலேயே எனக்கும் ஒன்று கொடுத்தார். "எல்லாம் செந்திலாண்டவன் புண்ணியம் டீச்சர்" என்றார். நோகாமல் நுங்கு தின்கிற மனிதருக்கு முகத்தில் ஒரு கூச்சம்கூட இல்லை. நானும் அந்த லட்டைத் தின்றேன். அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

மறு வாரம் கல்வி அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு மெமோ. பயிற்சியை முடிக்காத ஆசிரியர் ஜெயசெல்வி மூன்று நாளுக்குள் விளக்கம் தர வேண்டும், புதிய பயிற்சியையும் உடனே முடிக்க வேண்டும். குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்தது. மெமோவில் தலைமையாசிரியர் கையெழுத்தும் இருந்தது.

புதிய பயிற்சியை வகுப்பில் வைத்துத் திறந்தேன். முதல் பாடமே லிங்கராஜ் சார் படமும், அதற்குக் கீழே என் பழுப்புத் தாளின் படமும், என் வார்த்தைகளும். 'செலஸ்டினா பெஞ்சு மேல் ஏறிக் குதித்தாள்' என்ற வரியைக்கூட மாற்றவில்லை. அதற்குக் கீழே கேள்வி: இந்த ஆசிரியரிடமிருந்து நீங்கள் கற்றுக்கொண்டது என்ன?

பக்கத்தில் நின்று செலஸ்டினா எழுத்துக்கூட்டாமல் வாசித்து முடித்தாள்.

"டீச்சர், எச்செம் சார் நம்ம கிளாசுக்கு எப்ப வந்தாவ?"

இந்தப் பிள்ளைக்கு நான் என்ன பொய் சொல்ல? நாலு பேருக்குச் சொல்லியாகிவிட்டது, இவளுக்கும் ஒன்று சொல்லவா?

"வரல தாயி" என்றேன்.

அன்று சாயங்காலம் விளக்கத்தைக் கையாலேயே எழுதினேன். எந்தெந்த மாதம் யார் யாருக்கு எழுதினேன், லிங்கராஜ் சார் பெயரில் எதை எழுதினேன், எனக்கு ஏன் எழுதவில்லை என்று ஒன்றையும் விடவில்லை. நான் செய்ததும் தப்புதான் என்று அதிலேயே எழுதினேன். அதற்கு என்ன தண்டனை வந்தாலும் வரட்டும்.

மேலே அனுப்பும் எந்தக் கடிதமும் 'தலைமையாசிரியர் வழியாக' என்றுதான் போக வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பியாக வேண்டும். மறுநாள் காலை அவர் மேஜையில் வைத்தேன். அதன் மேல் அந்தப் பாஸ்வேர்டு தாளையும் வைத்தேன்.

வாசித்தவர் பாஸ்வேர்டு தாளைக் கவிழ்த்து வைத்தார். "என்ன டீச்சர் இப்படிச் செஞ்சிட்டிய? ஒரு குடும்பம் மாதிரி இருக்கோம்."

"குடும்பத்துல யாரு சார் மெமோ கொடுப்பா?"

"இத நான் எப்படி அனுப்ப? அனுப்பாட்டி ஏன் அனுப்பலன்னு கேப்பாங்க. அதுக்கு நான் என்ன பதில் எழுத?"

"எனக்குத் தெரியாது சார். இத்தன நாள் உங்க பதில நான் எழுதிட்டேன். இத நீங்க எழுதுங்க."

மணி அடித்தது. ஏழாம் வகுப்புக்குப் போனேன். நின்றுபோன பழுப்புத் தாளில் அறுபத்தைந்தாம் நாளுக்குக் கட்டம் போடச் சொல்லிப் பிள்ளைகள் காத்துக்கொண்டிருந்தார்கள்.